கோலமாவில் போட்ட வீடு

அவரிடம் பேச்சுக்காகக்கூட ஒரு கேள்வி கேட்டுவிட முடியாது. பதில் வந்துவிடும். பஸ்ஸில் கண்டக்டர், "எல்லாரும் ஏறியாச்சா?" என்று வழக்கம்போலக் குரல் கொடுத்துவிட்டு விசிலை வாய்க்குக் கொண்டுபோவார். அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இருங்க, மூட்டையோட ஒரு அம்மா ஓடியாருது" என்பார். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் நிமிராமலே "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "முந்தாநாளு இடுப்புல ஆரம்பிச்சுதுங்க" என்று தொடங்கி, எந்த வேலை செய்தால் வலி ஜாஸ்தியாகிறது, எந்தப் பக்கம் படுத்தால் குறைகிறது என்பதுவரை சொல்லித்தான் முடிப்பார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஒருநாள் கூடப் போயிருந்த நான் வெளியே வந்ததும் கேட்டேன்.

"எதுக்குக்கா இவ்ளோ வெளக்கம்? மாத்திரைதானே குடுக்கப் போறாரு."

"கேட்டாருல்ல தம்பி. கேட்டா சொல்லணும்ல."

இந்த ஒரு குணத்தைத்தான் நாங்கள் பயன்படுத்திக்கொண்டோம். 'நாங்கள்' என்று எழுதுவது எனக்கு வசதியாக இருக்கிறது. நான் பயன்படுத்திக்கொண்டேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது ஏற்கெனவே பல தாள்களில், என் கையெழுத்துக்கு மேலே இருக்கிறது. அது போதும்.

சிதம்பரத்தில் ஒரு வாய்க்கால் கரையில் அறுபது குடும்பங்கள் இருந்தன. பாதி கூரை வீடு, பாதி தகர வீடு. ஐப்பசியில் தண்ணீர் உள்ளே வரும், மார்கழியில் வடியும். அக்காவின் வீடு கரையின் நடுவில் இருந்தது. அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். கட்டட வேலையில் சித்தாள். செங்கல்லும் கலவையும் சுமந்து சுமந்து உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி இல்லாமல் போயிருந்தது. அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் எந்த லாட்ஜைக் காட்டினாலும், "இதுல ரெண்டாவது மாடி வரைக்கும் நான் ஏத்துனது" என்பார். புருஷனுக்கு லாரியில் லோடு ஏற்றும் வேலை. படிக்கிற பெண்கள் இரண்டு பேர்.

நான் கடலூர் ஓல்டு டவுனைச் சேர்ந்தவன். சமூகப்பணிப் படிப்பை முடித்துவிட்டு ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். வாய்க்கால் கரைக்காரர்களுக்கு மாற்று வீடு கட்டித் தரப்போகிறார்கள். எப்படிப்பட்ட வீடு வேண்டும், எங்கே வேண்டும் என்பதை அவர்களையே கேட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அப்படிக் கேட்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. அதில் கால்நடையாய் அலையும் வேலை எனக்கு.

முதல் கூட்டம் ரேஷன் கடைக்குப் பின்னால் இருந்த திடலில் நடந்தது. 2008-ஆம் வருஷக் கோடை. இருபது பேர் வந்தார்கள். பாதிப் பேருக்கு எப்போது முடியும் என்பதே கவலை. அக்கா குளித்து, தலைவாரி, கல்யாணத்துக்குக் கட்டும் புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றைய வேலைக்குப் போகவில்லை. நான் விளக்கமெல்லாம் சொல்லி முடித்துக் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மேல என்ன எழுதியிருக்கு? படி."

படித்தேன். "குடியிருப்போர் ஆர்வத்துடன் கலந்துகொண்டு தங்கள் கருத்துகளைத் தெரிவித்தனர்."

"நான் இன்னும் பேசவே இல்லியே" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே குழம்பியிருந்தார். முந்தின நாளே தட்டச்சு செய்துகொண்டு வந்த தாள் அது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "சரி, சொல்லுங்கக்கா" என்றேன். முக்கால் மணி நேரம் பேசினார். வீடு வீடாகப் போய்க் கேட்டுவைத்திருந்தார். யார் வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது, யார் மாவாட்டி விற்கிறார்கள், யாருக்குப் படி ஏற முடியாது என்று எல்லாம். நான் எழுதினேன். எழுதியதைப் படிக்கச் சொன்னார். "படி ஏற முடியாதவுங்கன்னு பொதுவா போட்டா எப்படி? பேரு போடு" என்று திருத்தினார்.

அந்த நாளிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அது பொய்யில்லை. இதை எழுதும்போது அதையும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஓர் இளைய என்ஜினியர் வரைபடத்தோடு வந்தார். நல்ல பிள்ளை. நீலத் தாளைத் திடலில் விரித்து, இது ஹால், இது சமையலறை என்று பேனாவால் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இத அப்படியே தரையில போட்டுக் காட்டுங்க. எங்களுக்கு உள்ள போயி நின்னாத்தான் தெரியும்" என்றார்.

என்ஜினியர் சிரித்தார். ஆனால் டேப்பை எடுத்தார். பெண்கள் வீட்டுக்கு வீடு கோலமாவு கொண்டுவந்தார்கள். அரைமணி நேரத்தில் திடலில் ஒரு முழு வீடு வெள்ளைக் கோடாக விரிந்தது. அக்கா வாசலைத் தாண்டி உள்ளே போனார். ஒரு செங்கல்லை வைத்து அடுப்பு என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீதான் கதவு. நில்லு. இப்ப தொற" என்றார். அந்தப் பெண் கையை நீட்டித் திரும்பினாள். கை நேராக அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவின் முதுகில் இடித்தது.

"சோறு வடிக்கிறப்போ எவளாவது கதவத் தொறந்தா நான் வெந்து போயிடுவேன் சார்."

பிறகு புருஷனையும் இரண்டு பெண்களையும் கூப்பிட்டுப் படுக்கவைத்துத் தானும் படுத்தார். நாலு பேரின் கால்களும் கோட்டுக்கு வெளியே நீண்டன. கூட்டம் முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. படுத்தபடியே, "காலு வராண்டாவுல கெடக்குது, பாத்துக்குங்க" என்றார்.

அன்று பொழுது சாயும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கோட்டைக் காலால் அழித்து அழித்துப் போட்டார்கள். அடுப்பு பின்சுவருக்குப் போனது. அதற்கு மேலே ஒரு ஜன்னல் வந்தது. துணி துவைக்கப் பொதுவாக ஒரு மேடை. தரைத்தளம், படி ஏற முடியாதவர்களுக்கு. பழைய இரும்பு வாங்கி விற்கும் மாமா ஒருவர் கரையில் இருந்தார்; ஒரு கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. கம்பை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வண்டி நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்று அக்கா கேட்டார்.

"போட்டு என்னாவப் போவுது? கோலமாவு வூடு" என்றார் மாமா.

"கேக்குறாங்கல்ல மாமா. சொல்லுங்க."

அவர் சொன்னார். அதற்கும் ஒரு கோடு விழுந்தது. என்ஜினியர் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டார். அக்கா கோட்டுக்குள் படுத்திருக்கிற அந்தப் படம் பிறகு எங்கள் அறிக்கையின் அட்டையில் வந்தது.

அந்த மழைக்காலம் முடிந்ததும் கடலூரில், மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் திட்டத்துக்காகப் பெரிய கூட்டம் போட்டார்கள். பல ஊர்களிலிருந்தும் ஆட்கள். சிதம்பரத்திலிருந்து அக்காவை அழைத்துப் போனேன். மேடை, மைக், தண்ணீர் பாட்டில். அவரைப் பேசச் சொன்னார்கள். பயப்படுவார் என்று நினைத்தேன். அடுப்பையும் கதவையும் பற்றி, வண்டிக்கான இடத்தைப் பற்றி, புது இடம் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டியதன் அவசியம் பற்றிப் பேசினார். "காலையில ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டு முனையில போயி நின்னாத்தான் மேஸ்திரி கூப்புடுவாரு. எட்டு மணிக்குப் போனா அன்னிக்கு வேல இல்ல" என்றார். கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் நான் கைகழுவப் போனபோது அந்த இளைய என்ஜினியரைப் பார்த்தேன். வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். "நம்ம பிளான் எந்த அளவுல இருக்கு சார்?" என்று கேட்டேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"டெண்டர் போயி மூணு மாசம் ஆவுதே, உங்களுக்குச் சொல்லலியா? பழைய பிளான்தான். மாத்தணும்னா திரும்ப மொதல்லேர்ந்து அப்ரூவல் வாங்கணும். எடமும் முடிவாயிடுச்சு. பரங்கிப்பேட்டை ரோட்டுல."

"அப்ப இந்தக் கூட்டம்?"

"இது நடத்தணும்ங்க. ஃபைல்ல வேணும்."

நான் திரும்பிப் போய் எங்கள் நிறுவனத்தின் தலைவரிடம் சொன்னேன். அவர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். "தெரியும் தம்பி. இப்ப சொன்னா ஜனங்க கலைஞ்சிடுவாங்க. வீடுன்னு ஒண்ணு கெடைக்கிறத ஏன் கெடுக்கணும்? மொதல்ல கெடைக்கட்டும்" என்றார். அந்த வாதம் எனக்கு அப்போது நியாயமாகத்தான் பட்டது. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார். ஆலப்பாக்கம் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தார். "என்ன இருந்தாலும் கேட்டாங்க தம்பி. இத்தினி வருஷத்துல யாரு வந்து கேட்டா?" என்றார். நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. வாய்க்கால் கரையைக் காலி செய்ய ஒவ்வொரு குடும்பமும் சம்மதிக்க வேண்டும். பாதிப் பேர் மறுத்தார்கள். பழைய இரும்பு வாங்கும் மாமா பிடிவாதமாக நின்றார். "எழுதிக் குடுத்துட்டா நம்ம கையில என்னா இருக்கு? எனக்கு நம்பிக்க இல்ல" என்றார். எங்கள் தலைவர் எனக்குச் சொன்ன வழி எளிமையானது. அந்த அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்.

அக்கா ஐந்து நாள் வேலைக்குப் போகாமல் வீடு வீடாக ஏறி இறங்கினார். நான் தாள்களோடு பின்னால் போனேன். ஒவ்வொரு வீட்டிலும், "நான் கடலூருக்கே போயி பேசிட்டு வந்தேன். பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் இருந்தாங்க. கேட்டுக்கிட்டாங்க" என்றார். மாமாவின் வீட்டுக்கு மூன்று தடவை போனார். மூன்றாவது தடவை மாமா என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. நீ சொல்லு. அது சொல்றாப்ல நடக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "அந்தத் தம்பிதான மாமா எல்லாத்தையும் எழுதினது."

மாமா கையெழுத்துப் போட்டார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதைப் பல நாள் ஒரு சமாதானமாக வைத்திருந்தேன்.

புது இடம் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர். அது தெரிந்தபோது முணுமுணுப்பு எழுந்தது. அதற்குள் கரையை இடித்தாகிவிட்டது. தகரக் கொட்டகையில் எல்லாரையும் வைத்திருந்தார்கள். "தூரமா போனாலும் வூடு நாம சொன்ன வூடுதானே" என்று அக்கா சமாதானம் சொன்னார். அங்கேயே கட்டட வேலை கிடைத்ததால் தன் வீட்டைத் தானே கட்டப் போகிறோம் என்று அவருக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

அஸ்திவாரம் தோண்டி முடித்து, கலவை போடுகிற அன்று காலையில் காண்டிராக்டரின் ஆளிடமிருந்து எனக்கு போன் வந்தது. "உங்க கூட்டத்து அம்மா ஒண்ணு பள்ளத்துல எறங்கி ஒக்காந்துருக்கு. வந்து தூக்கிட்டுப் போங்க."

போனேன். அக்கா பள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். மேலே கலவை மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. காண்டிராக்டரின் ஆள் கத்திக் கத்தி ஓய்ந்து போயிருந்தான். அக்கா என்னைப் பார்த்ததும் முழங்கையால் மண்சுவரை அளந்து காட்டினார்.

"தம்பி, இது நாம போட்ட வூடு இல்ல. அடுப்பு பழைய எடத்துலயே வருது பாரு. நான் முழம் போட்டுப் பாத்துட்டேன். ஆளுங்ககிட்ட சொன்னா பிளான் இப்படித்தான்னு சொல்றானுங்க. நீ சொல்லு இவுங்ககிட்ட."

மேலே அறுபது குடும்பத்தில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். மாமா கம்பை ஊன்றி நின்றார். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி இடம் அது. அன்று அந்தப் பள்ளத்தில் வைத்துச் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் இறங்கி உட்கார்ந்திருப்பார்கள். கலவை போட்டிருக்க முடியாது. காண்டிராக்டரின் ஆள் என் காதருகில் வந்து, "சீக்கிரம் எதுனா சொல்லி எழுப்புங்க சார்" என்றான்.

"இந்த பிளாக் மட்டும்தான்கா பழைய பிளான்" என்றேன். "தெரியாம ஆயிடுச்சு. அடுத்த மூணு பிளாக்கும் நீங்க சொன்னபடிதான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

கையை நீட்டினார். பிடித்துத் தூக்கினேன். புடவையைப் பிழிந்துகொண்டே மேலே நின்றவர்களைப் பார்த்து, "அடுத்ததெல்லாம் நம்ம வூடுதானாம்" என்றார். பிறகு காண்டிராக்டரின் ஆளிடம், "கலவ இறுகிடப் போவுது, ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுத் தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டார். அந்தப் பள்ளத்தில் முதல் சட்டிக் கலவையைக் கொட்டியவர் அவர்தான்.

நாலு பிளாக்கும் ஒரே மாதிரி எழும்பின.

நான் அந்த வேலையை விட்டேன். மனம் கேட்காமல் விட்டேன் என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் திட்டம் முடிந்தது, எங்களை அனுப்பிவிட்டார்கள். சிதம்பரத்திலேயே ஒரு பள்ளியில் அலுவலக வேலை கிடைத்தது. புதுக் குடியிருப்பில் நடந்ததெல்லாம் பிறகு காதில் விழுந்ததுதான். வீடுகளைக் குலுக்கலில் கொடுத்தார்கள். அக்காவுக்குத் தரைத்தளம் விழுந்தது. மாமாவுக்கு இரண்டாவது மாடி. அக்கா அன்றைக்கே தன் சாவியைக் கொண்டுபோய் மாமாவின் கையில் வைத்துவிட்டு அவருடையதை வாங்கிக்கொண்டாராம். மாமா சாவியை வாங்கினார், பேசவில்லை. ஏற்கெனவே இருவருக்கும் சண்டை. அந்தப் பயலுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும், உன்னை முன்னால் விட்டு எங்களை மடக்கினான் என்று மாமா சொல்லியிருக்கிறார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தம்பியையும் மேலே இருக்கிறவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று சாதித்திருக்கிறார். அதிலிருந்து மாமா அவரோடு பேசுவதில்லை. மாமாவைப் பார்த்து மற்றவர்களும். தண்ணீர்க் குழாயடியில் அவர் வந்தால் விலகி நின்றார்களாம்.

2012-இல் ஒருநாள் அண்ணாமலை நகரில் அவரைப் பார்த்தேன். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு லாட்ஜின் முன்னால் சித்தாள்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்டதும் எழுந்து வந்தார். இளைத்திருந்தார்.

"தம்பி, நல்லா இருக்கியா? கல்யாணம் ஆச்சாமே. கொழந்த இருக்கா?"

சொன்னேன். அவரைக் கேட்டேன். வழக்கம்போல எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். புது வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டு முனைக்கு வந்து சேர பஸ் கிடையாது. அதனால் வீட்டைப் பூட்டிவிட்டு ரயில் பாதை ஓரமாக ஒரு கொட்டகையில் வாடகைக்கு இருக்கிறார்கள். பெரிய பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டது. மாமா இப்போது வண்டி எடுப்பதில்லை; அங்கே யாரிடம் இரும்பு வாங்குவது? வாசலில் உட்கார்ந்திருக்கிறார். இதையெல்லாம் குறையாக அவர் சொல்லவில்லை. நான் கேட்டேன், அவர் சொன்னார். கடைசியில், "உன்ன நெனச்சாத்தான் தம்பி பாவமா இருக்கும். எம்மாம் அலஞ்ச. உன்னயும்ல ஏமாத்திப்புட்டாங்க" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இல்லக்கா. எனக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?"

"பிளான் மாறாதுன்னு தெரியும். எடம் எங்கன்னும் தெரியும். அன்னிக்குக் கடலூர் மண்டபத்துலயே சொல்லிட்டாங்க."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தார்.

"கடலூருக்குப் போனது கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அது அவருக்குத் தெரியாததல்ல. என் வாயிலிருந்து வர வேண்டியிருந்தது.

"முன்னாடி."

"என்கூட வூடு வூடா வந்தப்போ தெரியும்."

"தெரியும்கா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் குரல் ஏறவே இல்லை.

"என்ன ஏமாத்துனது போவட்டும். என்ன வெச்சு அவுங்கள ஏமாத்துன."

மேலேயிருந்து மேஸ்திரி கூப்பிட்டார். அக்கா திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு, சும்மாட்டுத் துணியை உதறினார்.

"மாமாகிட்ட ரெண்டு வருஷமா உனக்காகப் பேசிக்கிட்டிருக்கேன். அவுரு சொன்னதுதான் சரின்னு நான் போயி சொல்லணும். சாயந்திரம் வேல வுட்டப்பறம் அந்தப் பக்கம் பஸ்ஸு இருக்கா?"

"ஆறரைக்கு ஒண்ணு இருக்குக்கா."

சட்டியை இன்னொரு பெண் தூக்கிவிட, தலையில் ஏற்றிக்கொண்டு சாரத்துப் பலகையில் ஏறிப் போனார். நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு நடை இறங்கி ஏறினார். என் பக்கம் பார்க்கவில்லை.

அன்று ஆறரை மணி பஸ்ஸில் அவர் போனார் என்று பிறகு கூட வேலை செய்த ஒரு பெண் சொன்னாள். அங்கே, மாமாவின் வாசலில் நின்று அவர் என்ன சொன்னார், மாமா என்ன சொன்னார் என்று நான் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.